மார்ச் விடுமுறையில் பனிப் பள்ளத்தாக்கு நடை: ரெண்டுங்கெட்டான் காலமா?

செங்காங்_அப்பா

எல்லாருக்கும் வணக்கம். மார்ச் மாத ஒரு வாரப் பள்ளி விடுமுறையோட ரெண்டு நாள் லீவு சேர்த்து சிங்கப்பூர்லேர்ந்து சுவிட்சர்லாந்து போறோம். டிக்கெட் போட்டாச்சு, சூரிக் வரைக்கும் நேரடி விமானம். நான், மனைவி, தொடக்கநிலை மூன்று படிக்கிற மகன், அப்புறம் என் அம்மா. அம்மாவுக்கு 66 வயசு, வலது முட்டியில தேய்மானம் உண்டு.

யாருக்கும் பனிச்சறுக்கு ஆசை இல்லை. பனி மூடின பள்ளத்தாக்குல ஒரு நாள் காலார நடக்கணும், அவ்வளவுதான். அம்மா நிஜப் பனியைப் பார்த்ததே இல்லை. ஒருதரம் ஜூரோங் ஈஸ்ட்ல இருக்கிற செயற்கைப் பனிக்கூடம் ஸ்னோ சிட்டிக்குப் பேரனோட போனவங்க, "இதுக்கு நம்ம வீட்டு ஃப்ரிஜ்ஜைத் திறந்து வச்சு உட்கார்ந்திருக்கலாமே"ன்னு சொல்லிட்டு பத்து நிமிஷத்துல வெளியே வந்துட்டாங்க.

டிக்கெட் போட்ட பிறகுதான் ஆபீஸ்ல ஆளுக்கொரு அறிவுரை. "போனா டிசம்பர், இல்லேன்னா ஜூன். மார்ச் ரெண்டுங்கெட்டான். பனி சேறாக் கிடக்கும், பூவும் இருக்காது." உண்மையா? தேடினப்போ சுவிஸ் தென்கிழக்குல எங்காடின்ங்கிற மலைப் பகுதியில பொன்ட்ரெசினா ஊரும், பக்கத்துல ரோசெக் பள்ளத்தாக்கும் கண்ணுல பட்டுச்சு. யாராவது அங்கே நடந்திருக்கீங்களா?

பாஞ்சாங்_பாலா

ஜப்பான்ல ஹொக்கைடோ போயிருக்கலாமே பாஸ். பாதிச் செலவு, பாதித் தூரம், ராமென் வேற. சுவிஸ்ல ஒரு கோப்பி குடிச்சுட்டு பில்லைப் பார்த்தா அந்தக் குளிர்லயும் வேர்க்கும்.

ஈசூன்_தாதி

பாலா தம்பி, அவருதான் டிக்கெட் போட்டாச்சுன்னு எழுதியிருக்காரே. போட்டவர்கிட்ட போய் வேற ஊரைச் சொல்றது, கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளைகிட்ட வேற பொண்ணு போட்டோவைக் காட்டற கதை.

செங்காங் தம்பி, அந்தப் பள்ளத்தாக்குல நான் நடந்திருக்கேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, பிப்ரவரி கடைசியில கிளம்பி மார்ச் முதல் வாரம் வரைக்கும், என் தங்கச்சியோட. எலும்பு முறிவு வார்டுல 22 வருஷம் தாதியா வேலை பார்த்து ஓய்வு வாங்கின கையோட போனது. ரெண்டுங்கெட்டான்னு சொன்னவங்க மார்ச்ல போயிருக்க மாட்டாங்கன்னு பந்தயம் கட்டுவேன்.

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆறாம் வகுப்புல இதை நெட்டுருப் போட்டோம். ஜன்னலுக்கு வெளியே பார்த்தா ஒண்ணு மழை, இல்லேன்னா வெயில். மாசியும் பங்குனியும் பின்பனின்னு பரீட்சையில எழுதி முழு மார்க் வாங்கினேன், ஆனா அதுல ஒரு எழுத்துக்கும் பொருள் தெரியாது. நம்ம முன்னோர் சொன்ன பனி புல்நுனியில நிக்கிற பனி, நான் பார்த்தது முழங்கால் வரைக்கும் கிடந்த பனி. அது வேற, இது வேறதான். இருந்தாலும் அந்தச் சொல்லுக்கு எனக்கு உருவம் கிடைச்சது 59 வயசுல, பொன்ட்ரெசினா ரயில் நிலையத்துக்குப் பின்னாடி.

பாதை அந்த நிலையத்துக்கிட்டயே ஆரம்பிக்குது. ஊர் 1,800 மீட்டர் உயரத்துல இருக்கு. பள்ளத்தாக்குக்குள்ள ஒரு பழைய விடுதி வரைக்கும் 7 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் ஏறுறது மொத்தமே 200 மீட்டர் சொச்சம்தான். நம்ம புக்கிட் தீமா குன்றை (163 மீட்டர்) ஏழு கிலோமீட்டருக்கு இழுத்துப் பரப்பினா எப்படி இருக்கும், அப்படி. குளிர்கால நடைக்குன்னே பனியைச் சமன் பண்ணி வச்சிருக்காங்க. பக்கத்துலயே நீளச் சறுக்குக் கட்டையில போறவங்களுக்குத் தனித் தடம் இருக்கு, அதுல மட்டும் கால் வைக்காதீங்க. தங்கச்சி வச்சா. ஒரு பாட்டி நின்னு நிதானமா ஜெர்மன்ல ஏதோ சொன்னாங்க. வார்த்தை புரியல, திட்டுறாங்கன்னு மட்டும் புரிஞ்சது.

காலையில எட்டே முக்காலுக்குக் கிளம்பினோம். நிலையத்துல இருந்த வெப்பமானி மைனஸ் 11 காட்டிச்சு. முதல் அரை மணி நேரம் காட்டு நிழல். முந்தின நாள் வெயில்ல இளகின பனி ராத்திரியில இறுகி, மேலே பாலாடை மாதிரி ஒரு பொருக்கு கட்டியிருந்தது. மிதிச்சா முறுக்கு கடிக்கிற சத்தம். நாங்க ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திட்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கிட்டு நடந்தோம். தங்கச்சி பேசாம இருந்தது அந்த வருஷத்துல அதுதான் முதல் தடவை.

அப்புறம் மரங்கள். பாதி மரம் மொட்டையா நின்னுச்சு. பட்டுப்போன மரம்னு நான் பரிதாபப்பட்டேன். அது லார்ச் மரமாம். ஊசியிலை மரம்தான், ஆனா குளிர்காலத்துல இலையைக் கொட்டிடும், வசந்தத்துல திரும்பத் துளிர்க்கும். மீதிப் பாதி ஆர்வேங்கிற பைன். நாங்க தங்கின அறையில சுவர், கட்டில் எல்லாம் அந்தப் பலகைதான், ஊதுபத்தி ஏத்தாமலே மணந்துச்சு. வெயில் படுற பக்கம் ஒவ்வொரு மரத்தடியிலயும் வட்டமா ஒரு குழி இருந்தது, வாழைக்குப் பாத்தி வெட்டின மாதிரி. யாரும் வெட்டல. கறுத்த அடிமரம் வெயிலைக் குடிச்சுச் சூடேறுது, சுத்தியிருக்கிற பனி முதல்ல அங்கேதான் உருகுது. எட்டிப் பார்த்தா அடியில பழுப்பு ஊசியிலை, ஈர மண், ஒரு கையகலம். அந்த வெள்ளை முழுக்கத் தேடினா வேற எங்கேயும் மண் இல்லை. டிசம்பர்ல போனா இந்தப் பாத்தி இருக்குமா?

பத்து மணி வாக்குல காடு விலகி வெட்டவெளி வந்தது. வெயில் எதிர்ச் சரிவுல கோடு போட்டு இறங்கிக்கிட்டே வந்து எங்க காலடியைத் தொட்டுச்சு. தொட்ட நிமிஷம் ஜாக்கெட்டைக் கழற்றிட்டோம். பனியில நின்னுக்கிட்டு வேர்க்குதுன்னு சொன்னா ஈசூன்ல யார் நம்புவாங்க. பாதைக்குப் பக்கத்துல ஓடை. மேலே பனி மூடி, அங்கங்க மட்டும் ஒரு ஓட்டை. குனிஞ்சு காது கொடுத்தா, பக்கத்து வீட்டுச் சமையலறையில பாத்திரம் கழுவற சத்தம். தண்ணி கண்ணுல படாது, ஓடுறது மட்டும் கேட்கும்.

பகல் ஒரு மணிக்கு மேல எல்லாம் மாறிடுச்சு. காலையில முறுக்கா இருந்தது மதியம் இட்லி மாவு. உங்க ஆபீஸ்காரங்க சொன்ன சேறு இதுதான், அதுல பொய் இல்லை. ஆனா அது மதியத்துச் சேறு. விடியக் கிளம்பி சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிச்சா உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. இன்னொரு விஷயம், டிசம்பர்ல அங்கே பகல் எட்டரை மணி நேரம்தான். மார்ச் நடுவுல கிட்டத்தட்ட நம்ம ஊர் மாதிரி பன்னிரண்டு.

மார்ச் முதல் தேதி நாங்க அங்கே இருந்தது தற்செயல். காலையில தெருவுல ஒரே மணிச் சத்தம். பிள்ளைங்க கழுத்துல மாட்டுமணி தொங்க, பாட்டுப் பாடிக்கிட்டே ஊரைச் சுத்தி வந்தாங்க. சின்னதுக்குச் சின்ன மணி, பெருசுக்குக் குடம் அளவு மணி. சலாண்டாமார்ட்ஸ்னு பேரு. மணியாட்டிக் குளிர்காலத்தை விரட்டுறாங்க. நம்ம போகிக்கு மேளம் தட்டுற பசங்க ஞாபகம் வந்துச்சு. நீங்க போற தேதிக்கு அது முடிஞ்சிருக்கும், அது ஒண்ணுதான் உங்களுக்கு நட்டம். அவங்க பாடினது ரோமான்ஷ் மொழி. சுவிட்சர்லாந்துக்கும் நம்ம மாதிரி நாலு மொழி, அதுல சின்னது இது. பேசுறவங்க சுமார் 60,000 பேர். 1938லயே மக்கள் வாக்கெடுப்பு வச்சு தேசிய மொழின்னு சேர்த்துட்டாங்க. எதிரே வர்றவங்க "அலெக்ரா"ன்னு சொல்வாங்க, அதான் அங்கே வணக்கம். உங்க மகனுக்கு இப்பவே சொல்லிக் கொடுங்க. நாலு மொழி அறிவிப்பைக் கேட்டு எம்ஆர்டி ரயில்ல வளர்ற பிள்ளை, டக்குனு பிடிச்சுக்கும்.

பூ இல்லையேன்னு உங்க மனைவி வருத்தப்பட்டா, மறுநாள் பொன்ட்ரெசினாவுல திரானோ போற சிவப்பு ரயில் ஏறுங்க. கண்ணாடிக் கூரை போட்ட எக்ஸ்பிரஸ்தான் வேணும்னு இல்லை. அதுக்கு முன்பதிவுக் கட்டணம் தனி. சாதாரண ரயிலும் அதே தண்டவாளத்துலதான் போகுது. 2,253 மீட்டர் உயரத்துல ஒரு நிலையம், பக்கத்துல ஒரு ஏரி, அது ஏரின்னு பலகை பார்த்தாத்தான் தெரியும், வெள்ளைப் பாய் விரிச்ச மாதிரி உறைஞ்சு கிடக்கு. அங்கிருந்து இத்தாலி எல்லையில திரானோ வரைக்கும் இறக்கம், அது 429 மீட்டர். பல்சக்கரம் இல்லாமலே அந்த ரயில் வளைஞ்சு வளைஞ்சு இறங்குது. முதல்ல கூரைப் பனி குறையும், அப்புறம் பழுப்புப் புல், அப்புறம் பச்சை. திரானோவுல இறங்கினா மதிலோரம் ஒரு புதர் மஞ்சளாப் பூத்திருந்தது, தங்கச்சி ஸ்வெட்டரை இடுப்புல கட்டிக்கிட்டா. வசந்தம் மலையடிவாரத்துல தயாரா நிக்குது, இன்னும் மேலே ஏறி வரல. காலையில பின்பனியில ஏறி மதியம் இளவேனில்ல இறங்கினோம். ஜூன்ல போனா ரெண்டு பக்கமும் ஒரே காலம்.

மதியம் சாப்பாட்டுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த வட்டாரத்துல பார்லி சூப் பேர் போனது, பெரும்பாலும் உப்புக்கண்டம் மாதிரி உலர்த்தின இறைச்சி நறுக்கிப் போடுவாங்க. சைவம்னா கேட்டுட்டு வாங்குங்க. கேட்காம வாங்கின கதை என் தங்கச்சி கதை, இங்கே வேண்டாம். அக்ரூட்டும் கேரமலும் வச்ச கேக் கிடைக்கும், ஒரு துண்டு ரெண்டு பேருக்குப் போதும். நாங்க ஆளுக்கு ஒண்ணு சாப்பிட்டோம்.

செங்காங்_அப்பா

அக்கா, உங்க பதிலை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். பாத்தி கதையை ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னாங்க. அவங்க கேட்கச் சொன்னது: முட்டி தாங்குமா? என்ன போட்டுக்கணும்? மகன் கேட்கிறான்: அந்தப் பள்ளத்தாக்குல குருவி கையில வந்து உட்காரும்னு ஒரு வீடியோவுல பார்த்தானாம், நிஜமா?

மலை_நடையர்

தாதி அக்கா சொல்லாத ஒண்ணு. காலம் மாறுற நேரத்துல பனிச்சரிவையும் யோசிக்கணும். வெயில்ல தண்ணி ஊறின பனி கனமாகி, பிடிமானம் விட்டு மதியத்துக்கு மேல சரியும். டாவோஸ் ஊர்ல இருக்கிற பனிச்சரிவு ஆய்வு நிலையம் குளிர்காலத்துல தினமும் அறிக்கை போடுது, ஐந்து நிலை. 3ன்னு போட்டிருந்தா "நடுத்தரம்தானே"ன்னு நினைக்காதீங்க, அந்த அளவுகோல்ல அதுக்கே கணிசமான ஆபத்துன்னுதான் பொருள். நீங்க செய்ய வேண்டியது ரொம்ப எளிது. இளஞ்சிவப்புப் பலகை போட்ட குளிர்காலப் பாதையை விட்டு இறங்காதீங்க. முந்தின நாள் ஊர்ச் சுற்றுலா நிலையத்துல பாதை திறந்திருக்கான்னு கேளுங்க. தடுப்புப் போட்டிருந்தா அதைச் சுத்திப் போகாதீங்க, வேற பாதை கேளுங்க. ஊர்ல வேற நடைபாதைகளும் உண்டு.

ஓய்வாசிரியர்

ஈசூன் அம்மையாருக்கு ஒரு குறிப்பு. பின்பனி பரீட்சைக்கு மட்டும் உரிய சொல் அல்ல. சங்க மரபில் பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியும் உரிய பெரும்பொழுது. பாலை பிரிவைப் பாடுவது. தலைவன் பொருள் தேடிப் போய்விட்டான், பனிக்காலமும் முடியப் போகிறது, இன்னும் வரவில்லையே என்று ஒருத்தி காத்திருப்பாள். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று என் பாட்டி தஞ்சாவூரில் சொல்வார். அந்தப் பனி சளி பிடிக்க வைக்குமே தவிர, முழங்காலை மூடாது. ஆயினும் தாங்கள் கண்டதைப் பின்பனி என்றதில் எனக்கு மறுப்பில்லை. மாணவர்க்குப் பாடம் நடத்திய நாளில் இந்த வாழைப் பாத்தி உவமை கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஈசூன்_தாதி

ஐயா, காத்திருக்கிறவளைப் பத்திச் சொல்லி என்னை ஒரு நிமிஷம் நிறுத்திட்டீங்க. இந்தப் பயணம் முதல்ல நானும் எங்க வீட்டுக்காரரும் போறதா இருந்தது. அவரு இடத்துலதான் தங்கச்சி வந்தா. சரி, அது இருக்கட்டும்.

தம்பி, உங்க அம்மா முட்டிக்கு: தேய்மானம் உள்ளவங்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் வலி. அதனால போகும்போது மெல்ல நடக்கட்டும், திரும்பும்போது குதிரை வண்டி. ரயில் நிலையத்துக்கும் அந்த விடுதிக்கும் நடுவுல ஓடுது, முன்கூட்டியே சொல்லி வைக்கணும். முழுசா நடக்கணும்னு கட்டாயம் இல்லை, காடு முடியிற இடம் வரைக்கும் போனாலே போதும். இப்போ இருந்து மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பூங்காவுல வாரம் மூணு நாள் நடக்கட்டும். புளோக் மாடிப்படியில இறங்கிப் பயிற்சி வேண்டாம், முட்டியைக் கெடுத்துக்கவே அந்தப் பயிற்சி. இயன்முறை மருத்துவரை ஒரு தடவை பார்த்துத் தொடைத் தசைக்குப் பயிற்சி கேட்டு வாங்குங்க.

உடுப்பு: நம்ம ஆளுங்க குளிருக்குப் பயந்து பொட்டலம் மாதிரி சுத்திக்கிட்டுப் போவாங்க, அரை மணியில உள்ளே நனைஞ்சு, நின்ன உடனே நடுங்குவாங்க. பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம், ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். உள்ளே கம்பளி, நடுவுல ஒண்ணு, மேலே காத்தைத் தடுக்கிற ஒண்ணு. வேர்க்கிறதுக்கு முன்னாடியே ஒண்ணைக் கழற்றணும். ஜாக்கெட்டை வாடகைக்கு எடுங்க. காலணி மட்டும் சொந்தமா வாங்கி இங்கேயே ஒரு மாசம் போட்டுப் பழகுங்க. அடியில ரப்பர் வளையத்தோட மாட்டுற இரும்பு முள் கிடைக்கும், அம்மாவுக்கு அதுவும் ஊன்றுகோலும் அவசியம். என் தங்கச்சி பள்ளத்தாக்கு முழுக்க ஒழுங்கா நடந்தா. கடைசி நாள், நிலையத்துப் பக்கம் வண்டி நிறுத்துற இடத்துல விழுந்தா. பகல்ல உருகின தண்ணி ராத்திரியில கண்ணாடி மாதிரி உறைஞ்சிருந்தது, முள்ளைப் பெட்டியில கட்டி வச்சிருந்தா. நல்ல வேளை, உட்கார்ந்த மாதிரி விழுந்தா. கையை ஊன்றி விழுறவங்கதான் மணிக்கட்டு உடைஞ்சு எங்க வார்டுக்கு வருவாங்க. வழுக்கும்னு தோணினா வாத்து மாதிரி சின்னச் சின்ன அடி வைங்க, கையைப் பையில விடாதீங்க. பயணக் காப்புறுதி எடுக்காம விமானம் ஏறாதீங்க.

வெயில் கண்ணாடி, சன்ஸ்கிரீன் மறக்க வேண்டாம். பனி கீழே இருந்தும் வெயிலைத் திருப்பி அடிக்கும். முகத்துக்கெல்லாம் பூசிக்கிட்ட தங்கச்சி தாடைக்கு அடியிலயும் மூக்குத் துவாரத்து ஓரத்துலயும் பூசல, அங்கே மட்டும் வெந்துபோய் ஒரு வாரம் தோல் உரிஞ்சது. "கறுப்பா இருக்கிற நமக்கென்ன"ன்னு சொன்னவதான்.

குருவிக்கு வர்றேன், உங்க மகன் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருப்பான். நிஜம்தான். நம்ம பட்டாணிக்குருவி இனம், அதுல ஒரு வகைக்குத் தலையில கொண்டை இருக்கும். இங்கேயிருந்து விதை கொண்டுபோய் சுங்கத்துல மாட்டாதீங்க, அங்கே பேரங்காடியில உப்புப் போடாத சூரியகாந்தி விதை வாங்குங்க. பிஸ்கட், ரொட்டி போடக்கூடாது. காட்டுக்குள்ள நுழைஞ்சதும் பாதையோரம் நின்னு கையுறையைக் கழற்றிட்டு, உள்ளங்கையைத் தட்டு மாதிரி விரிச்சு நீட்டணும். விரலை மடக்கக் கூடாது, கூப்பிடவும் கூடாது. எனக்கு மூணு நிமிஷம் எதுவும் வரல, விரல் மரத்துப்போச்சு, போகலாம்னு நினைச்சேன். முதல்ல ஒரு கிளை ஆடிச்சு, கொஞ்சம் பனி பொடியா உதிர்ந்தது. அப்புறம் கட்டைவிரலோரம் ஏதோ பிடிச்சது. கனம்னு பார்த்தா நம்ம ஒரு வெள்ளிக் காசு அளவுதான். காலு நூல் மாதிரி, ஆனா நகம் நல்லா உறைச்சது. ஒரு விதையை எடுத்துச்சு, பிடிக்கலபோல, கீழே போட்டுச்சு. இன்னொண்ணை எடுத்துச்சு, அதையும் போட்டுச்சு. மூணாவதைத் தூக்கிக்கிட்டுப் பறந்துச்சு. சந்தையில வெண்டைக்காய் ஒடிச்சுப் பார்க்கிற என் மாமியார் தோத்தாங்க.

தம்பி, உங்க மகன்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. அந்த மூணு நிமிஷம் அசையக் கூடாது. போட்டோ எடுக்கிறவங்க முதல்லயே ஃபோனை உள்சட்டைப் பையிலேர்ந்து எடுத்துத் தயாரா வச்சுக்கணும், குளிர்ல வெளியே வச்சா பேட்டரி படுத்துடும். எங்களுக்குப் படுத்துடுச்சு, அதனால என்கிட்ட காட்டுறதுக்கு ஒரு போட்டோவும் இல்லை.